வகுப்பறையில் ஏஐ: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். கடைசி இரண்டு வருடமாக மற்ற ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். அதனால் பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி வருகிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், என் மகன் எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எல்லாம் சரியாக இருக்கிறது. பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தால் முழிக்கிறான். ஏஐயிடம் கேட்டுத்தான் செய்கிறான் என்று தெரியும். கேட்டால் "புரிஞ்சுதான் எழுதினேன்" என்கிறான். பொய் சொல்கிறானா?

பொய் சொல்லவில்லை அம்மா. அவனுக்கு நிஜமாகவே புரிந்த மாதிரி இருந்திருக்கும். சிக்கலே அங்கேதான்.

அடுத்தவர் போட்ட கணக்கை வரி வரியாகப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிவிடலாம். வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு முதல் வரி என்னவென்று யோசிப்பது வேறு வேலை. பரீட்சை கேட்பது இந்த இரண்டாவது வேலையை. வீட்டில் அவன் பழகியது முதல் வேலையை.

இதைத் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய அந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 1000 மாணவர்கள், கணக்குப் பாடம், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு, கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் சாதாரண ஏஐ. மூன்றாவது பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் சேர்ந்து அமைத்த ஏஐ. பயிற்சி நேரத்தில் சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள், ஏஐ இல்லாதவர்களைவிட 48% கூடுதலாகச் செய்தார்கள். குறிப்பு கொடுக்கும் ஏஐ வைத்திருந்தவர்கள் 127% கூடுதல். அப்புறம் கருவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள், ஏஐயைத் தொடாதவர்களைவிட 17% குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சரிந்தவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைக்கவே இல்லை. உங்கள் மகன் சொல்வதும் இதைத்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். அவன் எழுதி முடித்த வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கை எடுத்து, எண்களை மட்டும் மாற்றி, நோட்டை மூடிவிட்டுப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் வரியைத் தானே எழுதுகிறானா என்று மட்டும் பாருங்கள். எழுதினால் விட்டுவிடுங்கள், ஏஐ வைத்துக்கொள்ளட்டும். எழுதவில்லை என்றால் திட்டவும் வேண்டாம். அவனுக்கே தெரிந்துபோகும், முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

நான் பத்தாம் வகுப்பு. காப்பியடிப்பதற்கு இல்லை, படிப்பதற்குத்தான் பயன்படுத்துகிறேன். எப்படிக் கேட்டால் நல்லது மிஸ்?

நல்ல கேள்வி தம்பி. ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

2/3 + 1/4. ஒரு மாணவி மேலே இருப்பதைத் தனியாகவும் கீழே இருப்பதைத் தனியாகவும் கூட்டி 3/7 என்று எழுதியிருக்கிறாள். இதைப் படமெடுத்து அனுப்பினால் கருவி என்ன சொல்லும்? "பகுதி எண்கள் வேறு வேறாக இருக்கின்றன. இரண்டையும் 12 ஆக்குங்கள். 8/12 + 3/12 = 11/12." எல்லாம் சரி. அவளும் அதைப் பார்த்து எழுதிவிடுவாள். அடுத்த வாரம் மறுபடி 3/7 மாதிரி ஒன்று எழுதுவாள், ஏனென்றால் அவள் செய்தது ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். 2/3 பாதியைவிடப் பெரியதா? பெரியது. 3/7? பாதிக்கும் குறைவு. அப்படியானால் இன்னொன்றைக் கூட்டிய பிறகு இருந்ததும் குறைந்துவிட்டதே, எப்படி? இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேச மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் பாடம் நடக்கிறது.

ஏஐயை இப்படிக் கேட்க வைக்க முடியும், நீ சொல்ல வேண்டும். முதலில் நீயே போட்டுப் பார். தப்பாக இருந்தாலும் சரி. பிறகு உன் வரிகளைக் கொடுத்து, "விடை சொல்லாதே. எந்த வரியில் தவறு தொடங்குகிறது என்று மட்டும் சொல்லி, அதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேள்" என்று எழுது. சில கருவிகள் மூன்றாவது பதிலிலேயே பொறுமை இழந்து விடையைக் கொட்டிவிடும். மறுபடி சொல்லு.

கணக்கு அல்லாத பாடங்களுக்கு: பாடத்தைச் சுருக்கிக் கொடு என்று கேட்காதே, கேள்வி கேட்கச் சொல். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். சலிக்காமல் கேள்வி கேட்க ஆள் கிடைப்பது முன்பெல்லாம் கஷ்டம். இப்போது கிடைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்.

ஒரு மாணவியின் கட்டுரையைக் கண்டறியும் செயலியில் போட்டேன். 98% ஏஐ எழுதியது என்கிறது. அவள் அழுகிறாள், தானே எழுதியதாகச் சொல்கிறாள். என்ன செய்வது?

அந்த 98-ஐ முதலில் மறந்துவிடுங்கள் சார்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்கு ஏஐ முத்திரை விழுந்தது. காரணம் எளிது. இந்தக் கருவிகள் அடுத்த சொல்லை ஊகிக்க எளிதாக இருந்தால் சந்தேகப்படும். எளிய சொற்களில், பழகிய வாக்கியங்களில் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வகுப்பில் சொன்னபடி பார்த்துப் பார்த்து எழுதும் பிள்ளை அப்படித்தான் எழுதும்.

பத்து நிமிடம் அவளுடன் உட்காருங்கள். "இரண்டாவது பத்தியில் இந்த உதாரணத்தை ஏன் எடுத்தாய்? வேறு எதையாவது யோசித்து விட்டுவிட்டாயா?" என்று கேளுங்கள். தானே எழுதியவர்களுக்கு விட்டுவிட்டவை ஞாபகம் இருக்கும். அடித்துத் திருத்திய தாள் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், சந்தேகத்தின் பலனை அவளுக்குக் கொடுங்கள். தப்பித்துவிடும் பத்துப் பேரைவிட, செய்யாத தப்புக்குத் திருடி என்று பெயர் வாங்கும் ஒருத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நான் தமிழாசிரியர். செய்யுள் பகுதிக்குப் பயன்படுமா?

பொழிப்புரைக்கு ஓரளவு, எடுத்துக்காட்டுக்கு ஆபத்து ஐயா. என் தோழி ஒருத்தி தமிழ் நடத்துகிறாள். ஒரு கருவியிடம் குறள் வெண்பா ஒன்று எழுதச் சொன்னாளாம். ஏழு சீருக்குப் பதில் எட்டுச் சீர் வந்தது. கடைசிச் சீர் "வாழ்கின்றான்". வாழ்/கின்/றான், நேர் நேர் நேர், தேமாங்காய். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில் முடிய வேண்டுமே என்று சுட்டிக்காட்டினால், "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு இன்னொரு தப்பு வெண்பாவைக் கொடுத்தது. பணிவில் குறையே இல்லை.

இந்தக் கருவிகள் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. சொல்லைத் துண்டுகளாக்கி, எண்களாக மாற்றி, அடுத்து எந்தத் துண்டு வரும் என்று கணிக்கின்றன. அசையும் சீரும் அந்தத் துண்டுகளோடு பொருந்தி வருவதில்லை. படித்த தமிழும் ஆங்கிலத்தோடு பார்த்தால் மிகக் குறைவு. அதனால் இல்லாத பாடலைப் பழைய பாடல் மாதிரியே எழுதித் தந்துவிடும், பாட்டு எண்ணோடு. மூலத்தைத் திறந்து பார்க்காமல் கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். ஆனால் அந்தத் தப்பு வெண்பாவை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோய் "எங்கே தளை தட்டுகிறது, கண்டுபிடியுங்கள்" என்று கொடுத்தால் அருமையான பயிற்சி. என் தோழி அதைத்தான் செய்கிறாள்.

ஆசிரியர் வேலை போய்விடுமா?

1920களில் சிட்னி பிரெஸ்ஸி என்ற அமெரிக்கர் கேள்வி கேட்டு விடையைச் சரிபார்க்கும் இயந்திரம் செய்தார். 1950களில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இன்னொன்று செய்தார். அப்போதும் இந்தக் கேள்வி வந்தது. எனக்குப் பயம் வேறு: ஆசிரியர் குறைவாக உள்ள இடத்தில் "ஏஐ இருக்கிறதே" என்று ஆளே போடாமல் விட்டுவிடுவார்கள்.

உருப்படியான வழியும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 2024-இல் ஒரு சோதனை: சுமார் 900 டியூஷன் ஆசிரியர்கள், 1800 மாணவர்கள். ஏஐ மாணவரிடம் பேசவே இல்லை. பாடம் நடக்கும்போது "இப்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்" என்று ஆசிரியருக்கு மட்டும் யோசனை சொன்னது. பாடத்தைத் தேறிய மாணவர்களின் விகிதம் 4 சதவீதப் புள்ளி கூடியது. மதிப்பீட்டில் கீழே இருந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு 9 புள்ளி வரை.

விடைத்தாள் திருத்தக் கொடுக்கலாமா மேடம்? ஒரு கட்டுக்கு 45 தாள், தூக்கமே இல்லை.

வினாத்தாள் மாதிரி, பாடக்குறிப்பு, ஒரே பாடத்துக்கு மூன்று நிலையில் பயிற்சித்தாள், இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நானும் செய்கிறேன். கொடுத்ததை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அச்சடியுங்கள், அவ்வளவுதான்.

மார்க் போடுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே விடைத்தாளை இரண்டு முறை கொடுத்துப் பாருங்கள், வேறு வேறு மார்க் வரலாம். தவிர, திருத்தும்போதுதான் 45 பேரில் 20 பேர் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியவரும். நாளைக்கு எதை மறுபடி நடத்துவது என்பது அங்கிருந்துதான் வருகிறது. இங்கிலாந்தில் 2020-இல் கொரோனாவால் தேர்வு ரத்தானபோது ஒரு கணக்கீட்டு முறையை வைத்து மதிப்பெண் கொடுத்தார்கள். அது ஏஐ இல்லை, வெறும் புள்ளியியல் சூத்திரம். ஆசிரியர்கள் கணித்த மதிப்பெண்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தை அது கீழே இறக்கியது. பள்ளியின் பழைய முடிவுகளையும் கணக்கில் எடுத்ததால், பின்தங்கிய பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகளும் அடிபட்டார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், நாலே நாளில் திரும்பப் பெற்றார்கள். "ஏன் எனக்கு இந்த மார்க்?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பள்ளியில் முழுசாகத் தடை செய்துவிட்டால் என்ன?

நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் செய்து பார்த்தன. மே மாதம் தடையை எடுத்துவிட்டன.

மகளுக்கு 9 வயது. தனியாகப் பயன்படுத்த விடலாமா?

வேண்டாம். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இத்தகைய கருவிகளைச் சுயமாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது என்று வைக்கச் சொல்கிறது. உங்கள் கைபேசியில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்கட்டும். பெயர், பள்ளி, புகைப்படம் எதுவும் போக வேண்டாம். ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன்: மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு ஒட்டி "பகுப்பாய்வு செய்து கொடு" என்று கேட்காதீர்கள்.

என் வகுப்பில் எல்லாரும் பிராஜக்டை ஏஐயில்தான் எழுதுகிறார்கள். நான் மட்டும் சொந்தமாக எழுதினேன். அவர்களுக்கு 20-க்கு 18, எனக்கு 13. இது நியாயமா?

இல்லை. இதற்கு ஆறுதலாக ஏதாவது சொல்லி மழுப்ப எனக்கு மனசில்லை.

தப்பு உன்மேல் இல்லை. வழவழப்பான நடைக்கு மார்க் போட்ட எங்கள்மேல். முன்பு நடை நன்றாக இருந்தால் உழைத்திருக்கிறார்கள் என்று நம்பலாம். இப்போது அந்த அடையாளம் செல்லாது, ஆனால் நாங்கள் இன்னும் பழைய அளவுகோலையே வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் என் வகுப்பில் பிராஜக்ட் தாளுக்கு 8 மார்க்காகக் குறைத்துவிட்டேன். மீதி 12, அதைப் பற்றி ஐந்து நிமிடம் என்னிடம் பேசுவதற்கு. முதல் தடவை நிறையப் பேருக்குத் தங்கள் தாளில் இருந்த சொற்களுக்கே அர்த்தம் தெரியவில்லை. இரண்டாவது தடவை தாள்கள் கொஞ்சம் கரடுமுரடாக வந்தன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உன் பழைய நோட்டு, அடித்துத் திருத்திய பக்கங்கள் இருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு உன் டீச்சரிடம் போ. மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். "இதைப் பற்றி என்னிடம் கேள்வி கேளுங்கள் மிஸ், பிறகு மார்க் போடுங்கள்" என்று மட்டும் சொல்லு.