கரையோடு முடியாத கண்டம்

வணக்கம் ஐயா. ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகன், "இலங்கையைச் சுற்றிக் கடல்தானே அம்மா, பிறகு எப்பிடி ஆசியாக் கண்டம்?" என்று கேட்கிறான். கண்டம் ஐந்தா, ஆறா, ஏழா என்பதிலும் குழப்பம். அவுஸ்திரேலியாவைக் கண்டம் என்கிறார்கள், கிறீன்லாந்தைத் தீவு என்கிறார்கள். சோதனைக்குப் பாடமாக்கினால் போதும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் விளக்குவீர்களா?
ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். "பாடமாக்கினால் போதும்" என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்கிற பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு, பிறகு அவன் படிக்கிறானில்லை என்று யாரிடம் முறையிடுவீர்கள்?

எண்ணிக்கையில் மினக்கெட வேண்டாம். ஏழு என்று எழுதட்டும். ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே நிலம், யூரல் மலையில் கோடு போட்டவர்கள் மனிதர்கள். இரண்டு அமெரிக்காக்களையும் ஒன்றாக எண்ணுகிற நாடுகளும் உண்டு. கிறீன்லாந்து 21 இலட்சம் சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல், அவுஸ்திரேலியா 76 இலட்சத்துக்கும் மேல். பருமனைவிட முக்கியம், பூமியின் மேலோடு பிரிந்திருக்கும் பெருந்துண்டுகளைத் தகடு என்போம், கிறீன்லாந்து வட அமெரிக்கத் தகட்டின் மேல் இருக்கிற நிலம்.

மகனின் கேள்விக்கு வருவோம். கரைக்கோட்டோடு கண்டம் முடிகிறது என்று அவன் நினைக்கிறான். உலகப்படத்தில் நாங்கள் அப்படித்தானே நிறம் தீட்டிக் கொடுக்கிறோம்! கண்டம் தண்ணீருக்குள்ளும் போகிறது. கரையிலிருந்து மெல்லச் சரிந்து போகும் அந்தப் பகுதிதான் கண்டமேடை. உலகச் சராசரியாக 130 மீற்றர் ஆழமளவில் மேடை முடிந்து, கண்டச்சரிவு தொடங்குகிறது. அதற்கும் அப்பால்தான் சமுத்திரத்தின் அடி. கண்டத்தின் ஓடு, அதாவது பூமியின் மேற்பாறைப் படை, ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீற்றர் தடிப்பு, சமுத்திர ஓடு ஏழு கிலோமீற்றர் அளவுதான்.

இந்தியாவும் இலங்கையும் ஒரே கண்டமேடையில்தான் இருக்கின்றன. நடுவே உள்ள பாக்குக் குடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட வராது. வளர்ந்த பனை ஒன்றை அங்கே நட்டால் வட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீற்றரளவு கீழே இருந்தது. அப்போது அது முழுவதும் தரை. காவிரிப் படிவுப் படுகை, அதாவது தமிழ்நாட்டுக் கரையில் மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த பள்ளம், அந்தக் கடலடியால் வந்து குடாநாட்டுக்குக் கீழும் நீள்கிறது. செய்தியிலும் கிரிக்கெட்டிலும் உபகண்டம் என்று இலங்கையையும் சேர்த்துச் சொல்கிறோமே, அந்தப் பேச்சு வழக்குச் சரியானது.

இதையே நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. கடலடியை வெறும் சேறு என்று நினைக்கிறவர்கள்தான் கடலடியோடு இழுத்து மீன் வாரும் வலையான இழுவைமடிக்கு நியாயம் கதைக்கிறார்கள். இங்கே மேடை ஆழமில்லாததால் வெயில் அடிவரை இறங்குகிறது, சாதாளை என்கிற கடற்புல் வளர்கிறது, இறால் குஞ்சுகளும் கடலட்டையும் அதற்குள்ளே வளர்கின்றன. மடியை விரித்துப் பிடிக்கும் இரண்டு பலகைகளும் அடிக்கயிறும் அந்தத் தரையை உழுதுகொண்டு போகின்றன. சாதாளை வேரோடு போகிறது. கிளம்பிய சேறு வெயிலை மறைத்துப் பக்கத்தில் தப்பியதிலும் படிகிறது. 2017 இல் இலங்கை இதைச் சட்டத்தால் தடைசெய்தது. தோட்டத்து மண்ணை யாரும் இப்படி வறுக விடுவோமா? அதுவும் எங்கள் நிலம்தான்.

கரையிலிருந்து ஆழ்கடல்வரை கடலடியை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்ததுபோல ஒரு வெட்டுமுகப் படம் வரைய மகனிடம் சொல்லுங்கள். கிடையாக 1 சென்ரிமீற்றருக்கு 10 கிலோமீற்றர் எடுக்கட்டும். நிலைக்குத்துக்கும் அதே அளவை எடுத்தால் 130 மீற்றர் ஆழம் பென்சில் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். ஆகவே நிலைக்குத்துக்கு 1 சென்ரிமீற்றருக்கு 100 மீற்றர். இப்போது ஆழம் நூறு மடங்கு பெருத்துத் தெரியும். நான்கு பாகையளவு சரிகிற கண்டச்சரிவு சுவர்போல நிற்கும். அதைப் பார்த்து அங்கே செங்குத்தான மலைச்சுவர் இருக்கிறது என்று அவன் நம்பிவிடாமல், "நிலைக்குத்து 100 மடங்கு" என்று படத்தின் கீழே எழுதுவியுங்கள். பழைய கடற்படத்தில் ஆழம் பாகக்கணக்கில் இருக்கும், ஒரு பாகம் 1.83 மீற்றர். மாற்றாமல் எழுதினால் கடல் பாதி ஆழமாகிவிடும்.

பிறகு இலங்கையைச் சுற்றி 200 மீற்றர்க் கோட்டை, அதாவது கடல் 200 மீற்றர் ஆழமாகும் இடங்களை இணைக்கும் கோட்டை, வரையட்டும். வடக்கே அது தூரத்தில் போகும், தெற்கே கரையை நெருங்கும். திருகோணமலையில் கரைக்கு மிகக் கிட்ட வந்தால் பிழை என்று அழிக்க விடாதீர்கள். அங்கே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று மேடையை வெட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள்ளேயே வருகிறது.