பேட்டரி, இன்வெர்ட்டர் இல்லாமல் சோலார் பேனலை நேராக கீசரில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நான் கொடுத்தேன். தண்ணீர் சுட்டது, கீசரும் சுட்டுப் போனது.

உங்களிடம் பேனல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் பேசாமல் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டரே வாங்கிவிடுங்கள். "இதுகூடத் தெரியாதா இவனுக்கு" என்று பாடம் எடுக்க வருகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு ஊர் காந்தலூர், மறையூருக்கு மேலே. கேரளாவில் இருந்தாலும் மழை மறைவுப் பக்கம். மூணாறு நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே வெயிலடிக்கும். குளிரும் உண்டு. பூண்டுத் தோட்டத்து மோட்டார் புகைந்துபோனதில் 330 வாட் பேனல் நாலு சும்மா கிடந்தன. பழைய 25 லிட்டர் கீசர் ஒன்றும் இருந்தது.

நாலு பேனலையும் முதலில் பேரலலாகக் கட்டினேன். ஆம்பியர் கூடினால் சூடு கூடும் என்று நினைப்பு. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. "ஏன்டா, நாலு சுள்ளி வச்சா ஆகாதா இது?" என்றார் அம்மா. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 230 வோல்ட்டுக்குச் செய்த 2,000 வாட் கீசர் காயிலின் தடை ஏறக்குறைய 26 ஓம். பேரலலில் ஒரு பேனலின் வோல்ட்தான் கிடைக்கும், அந்த 45 வோல்ட்டில் காயில் 1.7 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. 1,320 வாட் பேனலில் கிடைத்தது 77 வாட்!

நாலு பேனலின் வோல்ட்டும் கூடும்படி சீரிஸில் மாற்றினேன். அந்த வரிசையின் முழு வாட்டையும் எடுக்கத் தோதான தடை சுமார் 17 ஓம். 26 அதற்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் நல்ல வெயிலில் ஆயிரம் வாட் கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் குளிக்கிற சூடு. ஆனால் பாதி வெயிலுக்குக் கீழே போனபின், வெயில் இன்னும் பாதியானால் ஆம்பியர் பாதியாகும், வோல்ட்டும் கூடவே இறங்கும். சூடு பாதியாகாது, காலாகும். மேகமூட்ட நாளை நம்பாதீர்கள்.

மூன்றாம் நாள்தான் வினை. தண்ணீர் சூடேறியதும் தெர்மோஸ்டாட் துண்டிக்க வேண்டும், இல்லையா? துண்டித்தது. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே நீல நூல் மாதிரி தீப்பொறி நின்றது, அணையவே இல்லை. வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும். பொறி தானாக அணைந்துவிடும். பேனல் தருகிற டிசி பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. சேஃப்டி வால்வில் ஆவி சீறியது, கறுப்பு மூடி மெழுகு மாதிரி வழிந்தது. பேனலைப் போர்வையால் மூடித்தான் நிறுத்தினேன். இன்ஜினியர்கள் சிரிக்கலாம், அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்தது போர்வைதான்.

இப்போது தெர்மோஸ்டாட் வழியாக ஒரு ரிலேயின் சின்னக் கரண்ட் மட்டும்தான் போகிறது, கீசரின் பெரிய கரண்ட்டை அந்த ரிலேதான் ஆன், ஆஃப் செய்கிறது. ரிலே டிசிக்கானதாக இருக்க வேண்டும். ஏசிக்கான சாலிட் ஸ்டேட் ரிலே டிசியில் ஒருமுறை ஆன் ஆனால் ஆஃப் ஆகாது. கரண்ட் அளவுக்கு மீறினால் துண்டிக்கிற எம்சிபியும் டிசிக்கானதே.

அதை வாங்கத் தமிழ்நாட்டுப் பக்கம் உடுமலைக்குப் போனேன் பாருங்கள், அது தனிக்கதை. வண்டியில் கேஎல் நம்பரைப் பார்த்ததும் கடைக்காரர் விலையை ஏற்றினார். தமிழில் பேரம் பேசினால், "மலையாளத்துக்காரங்க நல்லா தமிழ் பேசறீங்களே" என்கிறார்! கேரளப் பக்கம் வந்தால், தமிழ் பேசுவதால் நாங்கள் பாண்டிக்காரர்கள். வாரண்டி கேட்டதற்கு, கேரள முகவரிக்குக் கிடையாதாம். சரி, அதை விடுங்கள்.

கீசர் உடம்புக்கு எர்த் கட்டாமல் இதில் இறங்காதீர்கள். மேகம் மூடியிருக்கிறதே என்று ஒயரில் கை வைக்கவும் வேண்டாம். கரண்ட்தான் குறைந்திருக்கும், கீசர் இழுக்காத நேரத்தில் நாலு பேனல் வரிசையில் வோல்ட் அப்போதும் 150க்கு மேலேயே நிற்கும்.