உள்ளே போகக் கால் எழவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 26. நான் ஒரு திருநம்பி; பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். இதை வீட்டில் சொன்ன நாளோடு வீடு இல்லாமல் போயிற்று. சில மாதங்களில் வேலையும் போய்விட்டது. வாடகை கொடுத்தபின், ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் கையில் மிஞ்சுகிறது. பால்புதுமையினருக்கும் (என்னைப் போன்ற பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினருக்கும்) வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் சேர்த்து நடத்தப்படும், இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கி ஒன்று அருகிலேயே இருக்கிறது. மடித்த துணிப்பையோடு மூன்று முறை அதன் எதிரே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்தால், அவர்களுடைய பங்கை நான் பறிப்பதாகத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, என் சான்றுகளில் இருப்பது பழைய பெயர். எல்லோர் முன்னிலையிலும் அதை யாராவது உரக்கக் கூப்பிட்டுவிட்டால்? இப்போதெல்லாம் எதிலும் மனம் நிலைப்பதில்லை, காரணமின்றி எரிச்சல் வருகிறது. என் மனம் பழுதாகிவிட்டதா?

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்கள், ஓர் ஆய்வுக்காகத் தாமாகவே முன்வந்து 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு எரிச்சலும் சோர்வும் வந்தன, மனம் ஒருமுகப்படவில்லை, நண்பர்களிடமிருந்துகூட ஒதுங்கினார்கள். ஆகவே நீங்கள் பழுது என்று அஞ்சுவதில் பசிக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். வீட்டை இழந்த துயரம் வேறு; அதை நாம் நிதானமாகப் பேசலாம், ஆனால் வயிறு காய்ந்திருக்கும்போது பேசிப் பயனில்லை. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பங்கைப் பறிப்பதாக எழுதியிருந்தீர்கள். கையில் காசில்லாத நாளில் பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோதான். அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை, தட்டு வைத்துவிடுவார்கள். அந்த அடுக்களைதான் உங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அப்படி மூடப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்த வங்கி உங்களையும் அந்தத் தாய்மார்களையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் தொடங்கிய முதல் உணவு வங்கியே, வீணாகப் போகவிருந்த உணவைத் திரட்டித் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்காக எழுந்ததுதான்.

பெயரைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. துணிச்சலாக இருங்கள் என்று சொல்லி அதை ஒதுக்க மாட்டேன். போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: சான்று கட்டாயமா, பெயர் சொல்லி அழைப்பார்களா, எண் கொடுப்பார்களா, எழுதி வாங்கும் விவரத்தை யார் பார்ப்பார்கள். "என்னை இந்தப் பெயரில்தான் கூப்பிட வேண்டும்" என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், முகம் பார்க்காமலேயே அந்தக் கடினமான பேச்சு முடிந்துவிடும். முதல் முறை ஒரு நண்பரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் சாப்பிடுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.