கொரோனா வார்டு செவிலியர் ஆய்வு: பிஎச்கியூ-9 மதிப்பெண்ணை எப்படி எழுதுவது?

கொரோனா வார்டில் வேலை பார்த்த 80 செவிலியர்களிடம் பிஎச்கியூ-9 என்ற, மனச்சோர்வு அறிகுறிகளை ஒன்பது கேள்விகளில் கேட்டு மதிப்பெண் போடும் படிவத்தைக் கொடுத்து, 10-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களை ‘மனச்சோர்வு நோயாளிகள்’ என்று எழுதியதை ஆய்வு வழிகாட்டி அடித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் பக்கம்தான் நியாயம். அந்தப் படிவம் வெறும் சல்லடை. நோய் என்று உறுதி செய்ய மருத்துவர் நேரில் பேசிப் பார்க்க வேண்டும். ‘10-ம் அதற்கு மேலும் பெற்றவர்கள்’ என்று எழுதினால் போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ஆய்வுத் தலைப்பில் இருக்கும் ‘2020-இன் பாதிப்பு’ என்பதில் இருக்கிறது. அந்த ஒன்பது கேள்விகளும் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றித்தான் கேட்கின்றன. இப்போது நிரப்பியதை வைத்து 2020-இன் பாதிப்பு என்று எப்படிச் சொல்வது? பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது, முந்தைய அளவோடு ஒப்பிட்ட மதிப்பீடு. உங்களிடம் அந்த ‘முந்தைய’ கணக்கே இல்லையே! ‘தற்போதைய நிலை’ என்று மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஒன்பதாவது கேள்வி. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் (‘இல்லவே இல்லை’) தவிர வேறு எதையாவது யாராவது போட்டிருக்கிறார்களா? பெயரில்லாமல் கூகுள் ஃபார்மில் வாங்கியிருந்தால் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. பங்கேற்ற எல்லோருக்கும் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ இன்றே அனுப்பிவிடுங்கள். திருத்தமெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம்.