நடு எங்கே என்று பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும்?

வணக்கம்.

பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். 'பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகும்' என்று சொல்லிக் கடந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "நம் செல்லில் கதிர்கோல் இழைகள் குரோமோசோமைப் பிரிக்கின்றன. அங்கே அது இல்லையே, அப்புறம் ஆளுக்கொன்று எப்படிப் போகிறது? நடுவில்தான் பிளக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதுங்களேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அருமையான கேள்வி. அந்த மாணவியிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதற்குள் மடிந்து கிடக்கும் டிஎன்ஏ வளையத்தை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். இவ்வளவையும் படியெடுத்து, சிக்கெடுத்து, இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் சுவர் எழுப்ப வேண்டும்.

இதற்கான மரபணுக்களை, அந்த வேலை கெட்டுப்போன செல்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பிளக்க முடியாமல் நூல்போல நீண்டுகொண்டே போனவை எஃப்டிஎஸ் மரபணுக்களைக் காட்டிக்கொடுத்தன. அவற்றில் எஃப்டிஎஸ்-இசட் தரும் புரதம்தான் பிளவு விழும் இடத்தில் வளையமாகக் கூடுகிறது. ஓரத்தில் பிளந்து, குரோமோசோமே இல்லாத மினிசெல்லை உதிர்த்தவை காட்டிக்கொடுத்தது 'மின்' என்ற மரபணுக்களை. ஜப்பானில் ஹிராகா குழுவினர் வழக்கமான அளவில், ஆனால் உள்ளே குரோமோசோம் இல்லாமல் பிறந்த செல்களைத் தேடிப் பிடித்தார்கள். ஜப்பானிய மொழியில் 'முகாக்கு' என்றால் உட்கரு அற்றது. அதிலிருந்து வந்த பெயர் முக்-பி. டிஎன்ஏவை ஒழுங்காக மடித்து வைக்கும் புரதம் அது.

சரி, நடு விஷயத்துக்கு வருகிறேன். எஃப்டிஎஸ்-இசட் வளையம் அமையாமல் தடுப்பது மின்-சி என்ற புரதம். அதைச் சேர்த்துக்கொண்டு மின்-டி என்ற இன்னொரு புரதம் ஒரு முனையின் சவ்வில் போய் ஒட்டும். மூன்றாவது புரதமான மின்-இ வந்து அதைக் கிளப்பிவிடும். எதிர்முனைக்குப் போனால் அங்கேயும் விடாது. சுமார் ஒரு நிமிடத்தில் போய்த் திரும்பி, இப்படியே அலைந்துகொண்டிருக்கும். இரு முனைகளிலும் மாறி மாறித் தங்குவதால், தடை மிகக் குறைவாக இருக்கும் இடம் நடுதான். வளையம் அங்கே கூடிவிடுகிறது. 1999இல் ஒளிரும் புரதத்தை இணைத்துப் பார்த்தபோது இந்த ஊசலாட்டம் கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் படக்காட்சியை வகுப்பில் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள்.

எஸ்எல்எம்-ஏ என்ற புரதம் குரோமோசோமின் மேலேயே உட்கார்ந்து, அது விலகும்வரை அங்கே வளையம் கூடாமல் பார்த்துக்கொள்கிறது. படியெடுத்த இரு டிஎன்ஏ வளையங்களும் சங்கிலிக் கண்ணிகள்போலக் கோத்துக் கிடக்கும். டோப்போஐசோமரேஸ் 4 என்ற நொதி ஒன்றை வெட்டி, மற்றதை அதன் வழியே விட்டு, திரும்ப ஒட்டிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தாக்கும் நொதிகளில் இதுவும் ஒன்று.

ஒன்று மட்டும் கவனம்: இதையெல்லாம் ஈ. கோலை என்று பெயர் சொல்லியே சொல்லிக்கொடுங்கள். காலோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியாவில் பார்-ஏ, பார்-பி என்ற புரத ஜோடி குரோமோசோமை மறுமுனைக்குக் கொண்டுபோகிறது. ஈ. கோலையின் குரோமோசோமுக்கு அந்த ஜோடியே கிடையாது.