ஈஸ்டைக் காப்பாற்றிய மூலிகை என்னையும் காப்பாற்றுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. 8 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். சீந்தில், மஞ்சள், நெல்லிக்காய்ச் சாறுகள் ஈஸ்ட் செல்களை ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸிலிருந்து காப்பாற்றியதாக வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றும் சேர்ந்த காப்ஸ்யூலை மகன் வாங்கித் தந்திருக்கிறான். சாப்பிடலாமா? மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே கூடாது. காப்ஸ்யூலையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஈஸ்ட், ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஒற்றைச் செல் பூஞ்சை. அதில் ஆராய்ச்சி செய்வது வீண்வேலை இல்லை. ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகும் வீரியமான மூலக்கூறுகள் அளவுக்கு மீறிச் செல்லைச் சிதைப்பதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். அதை எதிர்க்கும் கேட்டலேஸ், குளுட்டாதையோன் போன்ற தற்காப்பு ஏற்பாடுகள் நம் செல்லைப் போலவே ஈஸ்டுக்கும் உண்டு. ஆய்வகத்தில் ஈஸ்ட் வளரும் திரவத்தில் மூலிகைச் சாற்றைக் கலப்பார்கள். அப்புறம் அந்த ஸ்ட்ரெஸ்ஸை உண்டாக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு விடுவார்கள். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். பிறகு அந்த ஈஸ்டைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, தட்டில் சொட்டுச் சொட்டாக இட்டு, 30 டிகிரி சூட்டில் இரண்டு நாள் வைப்பார்கள். சாறு சேராத வரிசை வெறுமையாகக் கிடக்க, சாறு சேர்ந்த வரிசையில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருந்தால் சாறு காப்பாற்றியிருக்கிறது என்று கொள்வார்கள்.

ஆனால் சாறு செல்லுக்குள் போய்க் காப்பாற்றியதா, வெளியிலேயே பெராக்ஸைடைச் சிதைத்துவிட்டதா? சாற்றைக் கழுவி நீக்கிவிட்டுப் பெராக்ஸைடு விட்டால்தான் இது தெரியவரும். இதைச் செய்யாத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, அதையும் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஈஸ்டுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. அது சாற்றிலேயே ஊறிக் கிடக்கிறது. நீங்கள் விழுங்கும் மஞ்சளின் குர்குமினோ ரத்தத்தில் மிகக் கொஞ்சமாகத்தான் சேர்கிறது. குடலும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் ஈஸ்டின் ஆயுளை 70 சதவீதம் வரை கூட்டியதாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. உலகமே பேசியது. 2005இல் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனாலும் அதை மருந்தாக்கும் முயற்சி தொடர்ந்தது. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, 2010இல் அது நின்றுபோனது.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: 2009இல் வந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈயும் தினமும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் பலன் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. பயிற்சியின்போது உண்டாகும் கொஞ்சம் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் உடலைத் தற்காப்புக்குத் தூண்டுகிறது. அதை இப்படி வைட்டமின்களால் முழுக்க அணைப்பது நல்லதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது கல்லீரல். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு மும்பையில் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்தத் தொடர்பை ஏற்கவில்லை. மஞ்சள் காப்ஸ்யூலால் கல்லீரல் பாதிப்பு இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. உடலில் நன்றாகச் சேரட்டும் என்று மிளகுச் சத்தைக் கலந்த மஞ்சள் காப்ஸ்யூல்களில் கூடுதல் கவனம் தேவை. சீந்திலுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையும் உண்டு என்கிறார்கள். நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

குழம்பில் போடும் மஞ்சளை, நெல்லிக்காயை விட வேண்டாம். தினம் ஒரு நெல்லிக்காயைத் தாராளமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். தேன் நெல்லி மட்டும் வேண்டாம்.

காப்ஸ்யூலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பசி அற்றுப்போவது, வாந்தி, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காப்ஸ்யூல் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.