3 கிலோவாட் சோலார், ஆப்பில் 2.2 மட்டும் காட்டுவது ஏன்?

கேள்வி: மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயிலிலும் ஆப்பில் 2.2 கிலோவாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? கிலோவாட், யூனிட், வாட்-பீக் என்று ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். குளிக்க வெந்நீருக்கும் இதிலேயே ஹீட்டர் போடலாமா?

பதில்: பயப்பட வேண்டாம். அந்த 2.2 பெரும்பாலும் சரியான கணக்குதான்.

முதலில் கிலோவாட்டையும் யூனிட்டையும் பிரித்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது கிலோவாட். வாளியில் எவ்வளவு சேர்ந்தது என்பது யூனிட், அதாவது கிலோவாட்-ஹவர். 1 கிலோவாட் வேகத்தில் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். மின் கட்டணம் யூனிட்டுக்குத்தான். ஆப்பில் அந்த நேரத்தில் ஓடும் கிலோவாட்டைவிட மாலையில் வரும் மொத்த யூனிட்டைப் பாருங்கள்.

இப்போது வாட்-பீக். பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். வாட் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்.டி.சி. என்று இருக்கும். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி என்ற சோதனைக்கூட நிலைதான் எஸ்.டி.சி. அந்த நிலையில் அளந்த எண்தான் வாட்-பீக். கூரையில் வெயில் காயும்போது செல் 25 டிகிரியிலா இருக்கும்? நடுப்பகலில் 60, 65 டிகிரி சாதாரணம். சிலிக்கான் செல் சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் இறங்கும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய 14 சதவீதம் போய்விடும். 3000 வாட் 2580 ஆகிறது. அன்றைய ஒளி 1000-க்குப் பதில் 900 வாட்தான் என்றால் 2320. அப்புறம் தூசி, ஒயர், டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 5 சதவீதம் எடுத்துக்கொண்டால் 2.2-க்கு வந்து நிற்கிறோம்!

வெயில் கடுமையானால் கரண்ட் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. மேகம் ஒன்று மறைத்து விலகியவுடன் ஆப்பைப் பாருங்கள். பேனல் கொஞ்சம் ஆறியிருப்பதால் எண் சட்டென்று ஏறி, மறுபடி சூடாக மெல்ல இறங்கும். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் காற்றோட்டம் விடச் சொல்வது இதனால்தான்.

ஒரு நாளுக்கு எவ்வளவு வர வேண்டும்? அன்று முழுக்க விழுந்த ஒளியை, 1000 வாட் வீதம் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். அதுதான் பீக் சன் ஹவர். 5 மணி நேரம் என்றால் 3 × 5 = 15 யூனிட். மேலே சொன்ன இழப்புகள் போகக் கைக்கு வருவது 11, 12 யூனிட். மேகமில்லாத நாளிலும் இதைவிட நிறையக் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது தூசியையும், தண்ணீர்த் தொட்டி, மரக்கிளை நிழலையும் முதலில் பாருங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட அந்த வரிசையைப் பாதிக்கும்.

சரி, வெந்நீர். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றச் சுமார் 3.5 யூனிட் வேண்டும். சாதாரண ஹீட்டர் போட்டால் உங்கள் ஒரு நாள் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பேனல் தன்மேல் விழும் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. சோலார் வாட்டர் ஹீட்டர் ஒளியை நேரே வெப்பமாக்குவதால், நல்ல வெயிலில் விழும் ஒளியில் பாதியளவு வெப்பமாகத் தண்ணீருக்குப் போய்ச் சேரும். அதனால் மாடியில் இடமிருந்தால் தனி வாட்டர் ஹீட்டர்தான் என் சிபாரிசு.

இடம் இல்லையென்றால் ஹீட் பம்ப் பாருங்கள். ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதைப்போல, இது வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. சி.ஓ.பி. 3 என்று எழுதியிருந்தால், 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம். உங்கள் 3.5 யூனிட் வெந்நீர் 1.2 யூனிட்டில் முடிந்துவிடும். பகல் 11 மணிக்கு மேல் ஓடும்படி டைமர் வைத்துவிட்டால் அதையும் பேனலே கொடுத்துவிடும்.